ஆனிக்குத் திரும்பிய கடிகாரம்

பொழிச்சலூரில் ஜெயக்கொடியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "நல்ல பொண்ணு, மூளைக்காரி, ஆனா யார் இன்னா சொன்னாலும் நம்பிடும்." அந்தக் கடைசி குணம்தான் அவளைக் கவிழ்த்தது. மூளையைக் கசக்கி அவள் கட்டி எழுப்பிய வேலையை நம்பிக்கை வைத்தே கோட்டை விட்டாள். கதையைக் கேட்டுவிட்டு அவள்மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

அவள் அப்பா முனிரத்தினத்துக்கு விமான நிலையத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நெல் விளைகிற நிலம் இருந்தது. எண்பதுகளில் மனைக்காரர்கள் வந்து வெள்ளைக் கல் நட்டுவிட்டுப் போனதும் நிலம் வாடகை வீடுகளாகவும் முன்பக்கம் ஒரு கடையறையாகவும் மாறிவிட்டது. முனிரத்தினம் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. சேற்றில் நின்ற காலுக்கு வாடகை வாங்கப் போவது சுகமாகத்தான் இருந்தது. மகள் கணிதத்தில் பட்டம் வாங்கி, தாம்பரத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்தாள். "பொண்ணு டி.வி. பொட்டி மாதிரி ஒண்ணு முன்னாடி குந்திக்கினு இன்னாத்த தட்டுது?" என்று உறவுக்காரர்கள் கேட்டால், அம்மா கிளியம்மாள், "உம் மவன் டீக்கடையில குந்திக்கினு தாளம் தட்டுறத விட அது மேலு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள். கிளியம்மாளின் வாய்க்குப் பயந்தே பாதி உறவு தெருமுனையோடு திரும்பிப் போயிற்று.

தொண்ணூறாம் வருஷம் ஜெயக்கொடிக்குக் குரோம்பேட்டையில் வேலை கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. முதலாளி தசரதன், அவரும் நிலம் விற்றவர்தான். விற்ற பணத்தில் மற்றவர்கள் கல்யாண மண்டபம் கட்டினால் இவர் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்தார். தங்கமான மனுஷன், ஆனால் அந்த ஆபீசில் கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதையைவிடப் பஞ்சாங்கத்துக்கு இருந்த மரியாதை பெரிது. எமகண்டத்தில் ஒரு பிளாப்பி வாசல் தாண்டாது. தாங்கள் செய்கிற ஒவ்வொரு புரோகிராமும் ஆரம்பிக்கும்போது, முதல் திரையில் 'உருவான நாள்' என்று தேதி வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "நல்ல நாள்ல பண்ணதுன்னு பார்ட்டிக்குத் தெரியணும்மா. அதுல கீது நம்பிக்கை" என்பார்.

அதே மாதம் வேலைக்குச் சேர்ந்தவள் நாகலக்ஷ்மி. தாம்பரம் ரயில்வே காலனிப் பெண். அப்பா ரயில்வேயில் கிளார்க், அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஜெயக்கொடி அவளுக்குக் 'கொடி', அவள் இவளுக்கு 'நாகு'. மதியம் ஒருத்தி சோற்றை மற்றவள் தின்பாள். சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று பேசுவார்கள். இவளுக்குப் பல்லாவரம் பக்கம் போக வேண்டும், அவளுக்குத் தாம்பரம் பக்கம். பேச்சு முடியாமல் வந்த ரயிலை எல்லாம் விட்டுவிட்டு, வீட்டில் திட்டு வாங்குவார்கள்.

இனி அந்த ஆபீசின் தலைவலியைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய ஆபீஸ்களில் யூனிக்ஸ் மெஷின் இருக்கும். ஒரே பெட்டி, அதிலிருந்து திரையும் கீபோர்டுமாக ஏழெட்டு டெர்மினல், எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். சின்ன இடங்களில் டாஸ் ஓடுகிற பி.சி. பல வாடிக்கையாளர்களிடம் இரண்டுமே உண்டு. எழுதிய புரோகிராம் ஒன்றுதான். ஆனால் அதன் நாற்பது துண்டுகளையும் அந்தந்த மெஷினுக்குப் புரிகிற மாதிரி கம்பைல் செய்து, ஒட்டி, முழுசாக்க வேண்டும். இந்த வேலைக்கு யூனிக்ஸில் 'மேக்' என்று ஒரு கருவி உண்டு. எந்தத் துண்டு மாறியிருக்கிறதோ அதை மட்டும் பார்த்து எடுத்துக் கம்பைல் செய்யும். டாஸிலும் அதே பெயரில் ஒன்று இருந்தது. பெயர்தான் ஒன்று, மற்றபடி ஒன்றுக்கு எழுதியது மற்றதுக்கு ஆகாது. கோப்பு இருக்கிற இடத்தைச் சொல்லும்போது நடுவே போடுகிற சாய்கோடு அங்கே ஒரு பக்கம் சாய்ந்தால் இங்கே மறுபக்கம் சாயும். அங்கே கோப்புக்கு எவ்வளவு நீளப் பெயரும் வைக்கலாம், இங்கே எட்டு எழுத்துக்கு மேல் ஆகாது. அங்கே கட்டளையை நீட்டி முழக்கிச் சொன்னாலும் கேட்கும், இங்கே இரண்டு வரிக்கு மேல் போனால் மீதியை விழுங்கிவிடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக விதிகள் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே ஒன்றைத் திருத்தியவன் இங்கே திருத்த மறப்பான். ஒரே கம்பெனியின் இரண்டு மெஷின்கள் இரண்டு கணக்குச் சொல்லும். பேஜார் தாங்க முடியவில்லை.

ஜெயக்கொடிக்கு இது பொறுக்கவில்லை. தன் வேலைக்கு நடுவே, யாரும் கேட்காமலே, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினாள். விதிகளை ஒரே இடத்தில் ஒரே தடவை எழுதினால் போதும். சாய்கோட்டைத் திருப்புவது, பெயரைச் சுருக்குவது, நீளமானதைத் துண்டு போட்டுக் கொடுப்பது எல்லாவற்றையும் கருவியே பார்த்துக்கொள்ளும். அதற்கு அம்மாவின் பெயரால் 'கிளி' என்று பெயர் வைத்தாள். ஒரு துண்டில் செய்ய ஒன்றும் இல்லை என்றால், மற்ற கருவிகள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும்; கிளி ஆங்கில எழுத்தில் 'சும்மா இரு' என்று போடும். அதை முதல் தடவை திரையில் பார்த்த நாகலக்ஷ்மி வாய்விட்டுச் சிரித்து, "உங்கம்மா பேசற மாதிரியே இருக்குடி" என்றாள். முதலாளியின் சட்டத்தை மதித்து, கிளியும் ஆரம்பிக்கும்போது தான் உருவான நாளைச் சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறங்கும்.

ஒரு துண்டு மாறியிருக்கிறது என்று கிளிக்கு எப்படித் தெரியும்? எல்லா 'மேக்'குகளையும் போலத் தேதியை வைத்துத்தான். துண்டை எழுதிய நேரம் ஒன்று, அது கம்பைலான நேரம் ஒன்று. எழுதியது பிந்தியது என்றால் மறுபடி கம்பைல். கம்பைல் ஆனது பிந்தியது என்றால் சும்மா இரு. தேதி காட்டுகிற அந்த முதல் திரைத் துண்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்யும்.

கிளிக்கு முதல் பரீட்சை பல்லாவரத்துத் தோல் கம்பெனி ஒன்றில் வந்தது. ஆபீஸ் கட்டடத்தில் யூனிக்ஸ், அதே வளாகத்தில் தோல் வெட்டுகிற ஷெட்டில் ஒரு பி.சி. அங்கே மேனேஜர் துரைராஜ் கறாரானவர். தோல் எத்தனை சதுர அடி வந்தது, வெட்டியதில் எவ்வளவு கழிவு என்று இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு வந்தாக வேண்டும் என்றார். தசரதன் ஜெயக்கொடியைக் கூப்பிட்டுப் பட்டென்று சொன்னார்: "ரெண்டு மெஷின்லயும் ஒரே கணக்கு வந்துடுச்சுன்னா, இனிமே நம்ம கம்பெனில எல்லா வேலைக்கும் உன் கிளிதான், நீதான் அதுக்குத் தலை. வரலன்னா கடாசிட்டு எல்லாரும் பழைய மாதிரி கையால பண்ணிக்கினு போங்க." அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஒரே கணக்கு வரும் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

வேலை தொண்ணூற்று மூன்று ஆனி மாதம் முடிந்திருக்க வேண்டியது. தோல் கம்பெனிக்கு வர வேண்டிய பி.சி. தாமதமாக வந்ததால் ஆடிக்குத் தள்ளிப்போயிற்று. ஆடியில் தசரதன் புதுத் துண்டு கூடத் தோளில் போட மாட்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உலாத்தினார். ஆனாலும் துரைராஜ் காத்திருக்கத் தயாராக இல்லை.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் பொழிச்சலூர் அங்காளம்மன் கோயிலில் இவர்கள் குடும்பத்துக் கூழ். ஜெயக்கொடி அன்றைக்கு லீவு. ஊருக்கே கூழ் ஊற்றிவிட்டு, மறுநாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் நாகுவுக்கென்று எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனாள். நாகலக்ஷ்மி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தாள்.

"நேத்து துரைராஜ் சார் ஆள் அனுப்பிச்சார்டி. கழிவுக் கணக்கை மாத்தணுமாம். அந்தத் துண்டைத் திருத்திட்டேன். நம்ம ஆபீஸ் பி.சி.ல திருத்தி, பிளாப்பில எடுத்து யூனிக்ஸ்லயும் போட்டுட்டேன். எல்லாம் ரெடி."

"கிளி ஒழுங்கா ஓடிச்சா?"

"ஓடிச்சு. ரெண்டுலயும் ஓட்டினேன்."

தூக்கைக் கழுவிக் கொடுத்தாள்.

ஆபீஸில் செய்து முடித்ததைத் தோல் கம்பெனியின் இரண்டு மெஷினிலும் ஏற்றினார்கள். திங்கட்கிழமை ஷெட்டில் பி.சி.க்குப் பூஜை. தசரதன் மானிட்டருக்கு விபூதிப் பட்டை போட்டு, பெட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பி.சி. முன்னால் நாகலக்ஷ்மி, ஆபீஸ் கட்டடத்து டெர்மினலில் ஜெயக்கொடி. ஒரே கட்டுத் தோலின் விவரத்தை இரண்டு பேரும் இரண்டு இடத்தில் அடித்தார்கள். இரண்டு பிரிண்டும் துரைராஜ் கைக்குப் போயின. அவர் அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கழிவுக் கணக்கு ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி.

எந்த வியாதியைத் தீர்க்கக் கிளியைச் செய்தாளோ அதே வியாதி, அதுவும் வாடிக்கையாளர் கண் முன்னாலே. ஆபீஸ் படியேறும்போது தசரதன், "உன் கிளி வெச்சுது பாரு எனக்கு ஆப்பு" என்றார். அடுத்த திங்கள் துரைராஜ் நேரில் வருவதாகவும், அன்றைக்குக் கிளி இருக்கிறதா போகிறதா என்று முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் அவள் தான் எழுதியதை வரி வரியாகத் தேடினாள். தப்பு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சும்மா ஒரு யோசனையில் ஆபீஸ் பி.சி.யில் துண்டுகளின் தேதிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். கழிவுக் கணக்குத் துண்டு ஆனி மாதத்தில் திருத்தப்பட்டதாகத் தேதி காட்டியது. துரைராஜ் ஆள் அனுப்பியதே ஆடியில்தானே. அந்தத் துண்டு ஆடி முதல் வாரம் ஒரு தடவை கம்பைல் ஆகியிருந்தது. எழுதியது முந்தி, கம்பைல் ஆனது பிந்தி என்று பார்த்த கிளி, அந்தத் திருத்தத்தைத் தொடாமல் சும்மா இருந்துவிட்டது. யூனிக்ஸில் அன்றைய தேதியோடு ஏறியதால் அங்கே திருத்தம் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. யாரோ பி.சி.யின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி, வேலை முடிந்ததும் பழையபடி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த பி.சி.யில் உட்கார்ந்தவள் ஒருத்திதான்.

சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கேட்டாள். நாகலக்ஷ்மி மறைக்கவில்லை.

"சார்தான்டி சொன்னார். முதல் திரையில ஆடித் தேதி வரக் கூடாது, ஆனியில கடைசி முகூர்த்தத் தேதி வரணும்னார். யூனிக்ஸ்ல கை வைக்கக் கூடாது, நிறையப் பேர் வேலை பண்றாங்கன்னு நான்தான் தடுத்தேன். பூஜை பி.சி.க்குத்தானே, அதுல மட்டும் மாத்துன்னார். மாத்தினேன்."

"அங்கதான்டி கிளி ஏமாந்துடுச்சு" என்று ஜெயக்கொடி சொல்ல ஆரம்பித்தாள். தேதி, கம்பைல், முந்தி, பிந்தி என்று கைகளை ஆட்டி ஆட்டிப் பாதி சொல்வதற்குள் தாம்பரம் ரயில் சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடி, நீ சொன்னா சாரை மாட்டி விட்ட மாதிரி ஆயிடும். என் வாயால வந்தா அவர் கேப்பார். திங்கட்கிழமை நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. என் மேல சத்தியம் பண்ணு."

இந்தப் பைத்தியக்காரி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் சனிக்கிழமை ஜெயக்கொடியைத் துரைராஜின் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய கம்பைல் துண்டுகளை எல்லாம் அழித்துவிட்டு அத்தனையையும் புதிதாகச் செய்தாள். அதே தோல் கட்டை அடித்துப் பார்த்தாள். இரண்டு மெஷினும் ஒரே கணக்குச் சொல்லின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. துரைராஜ், "இன்னாம்மா கோளாறு அது?" என்று கேட்டார். நாகுவிடம் செய்த சத்தியத்தை நினைத்தாள். "திங்கட்கிழமை தெரிஞ்சிடும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை தசரதன் அறையில் நான்கு நாற்காலிகள். துரைராஜ் நேராக விஷயத்துக்கு வந்தார். "தப்பு எங்கன்னு சொல்லுங்க. திரும்ப வராதுன்னு யார் சொல்றது?"

ஜெயக்கொடி நாகலக்ஷ்மியைப் பார்த்தாள். நாகலக்ஷ்மி மேஜையைப் பார்த்தபடி பேசினாள்.

"சார், கிளி சில நேரம் சரியா பண்ணுது, சில நேரம் பண்றதில்லை. ஏன்னு எங்களுக்கே தெரியலை. ரிஸ்க் எடுக்க வேணாம். ரெண்டு மெஷினுக்கும் தனித்தனியா கையாலயே பண்ணிடலாம்."

ஜெயக்கொடி காத்திருந்தாள். அடுத்த வாக்கியத்தில் சொல்வாள், அதற்கடுத்ததில் சொல்வாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாகலக்ஷ்மி பேசி முடித்துத் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் இவளுக்குத் தன் சத்தியமாவது ஒன்றாவது என்று ஆயிற்று.

"தப்பு கிளியோடது இல்ல சார். பி.சி.யோட தேதியைப் பின்னாடி தள்ளியிருக்காங்க. அதனாலதான்."

துரைராஜ் தசரதனைத் திரும்பிப் பார்த்தார். தசரதனுக்கு முகம் சிவந்தது. "ஆமா, நல்ல நாளு வெச்சேன். அது ஒரு குத்தமா? நல்ல நாள்ல பண்ணா கணக்கு தப்பா வருமா? இத்தினி நாளு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? மாட்டிக்கினதும் நாளு மேல பழி போடுறியா?"

"நாகு, நீ சொல்லு" என்றாள் ஜெயக்கொடி.

"தேதி மாத்தினது வாஸ்தவம் சார்" என்றாள் நாகலக்ஷ்மி. "ஆனா அதுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை."

அவ்வளவுதான். துரைராஜ் எழுந்து, "எனக்கு வேலை நடக்கணும், கையாலயே பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிளியை எல்லா மெஷினிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லி தசரதன் உத்தரவு போட்டார். அந்த வேலையை நாகலக்ஷ்மியிடம் கொடுத்தார். ஜெயக்கொடி தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைப் படியில் இறங்கியவள், திரும்ப ஏறவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து நாகலக்ஷ்மி பொழிச்சலூருக்கே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "சத்தியமா எனக்குப் புரியலைடி. நீ படிக்கட்டுல ரயில் சத்தத்துல சொன்னது பாதி காதுலயே விழலை. அங்க போய் உளறினா ரெண்டு பேரையுமே முட்டாள்னுவாங்கன்னு பயந்துட்டேன்" என்று தேம்பினாள். அந்த மாதம்தான் அவள் அப்பா ரிட்டயர் ஆனார், தங்கைகள் படிக்கிறார்கள், இதெல்லாம் இவளுக்குத் தெரியும். இவள் கருவி செய்கிறவள். அவள் கணக்குப் புரோகிராம் எழுதுகிறவள். புரியாமல் இருக்கலாம்தானே. ஜெயக்கொடி நம்பினாள். நம்பியது மட்டும் இல்லை, காபி போட்டுக் கொடுத்துப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டும் வந்தாள்.

கிளியம்மாள் நம்பவில்லை. "அவ உன் கழுத்தை அறுத்துட்டா. நீ அந்தக் கத்திய தொடச்சிக் குடுத்து அனுப்பியிருக்க" என்றாள்.

"அவளுக்குப் புரியலைம்மா."

"இத்தினி படிச்சவளுக்கு அது புரியாதா? யாருக்குடி காது குத்துற?"

இந்தச் சண்டை அந்த வீட்டில் ஆறு வருஷம் நடந்தது. முன்பக்கத்துக் கடையறையில் ஜெயக்கொடி கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தாள். பம்மல், அனகாபுத்தூர் பிள்ளைகள் வந்து படித்தார்கள். பிழைப்பு ஓடியது. ஆனால் அந்த மாதிரி ஒரு கருவியை அவள் அப்புறம் எழுதவில்லை. என்னதான் நாகுவுக்காகப் பேசினாலும், கிளியிலேயே தனக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்திருக்குமோ என்ற சந்தேகம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. விஷயம் தெரிந்த ஒருத்தியாவது அன்றைக்கு அவள் பக்கம் பேசியிருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. தசரதன் கம்பெனியில் நாகலக்ஷ்மி தலைமைக்கு வந்தாள். வருஷா வருஷம் ஆடிக் கூழ் அன்று ஜெயக்கொடி ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு தாம்பரம் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். தூக்கில் ஊற்றும்போதெல்லாம் கிளியம்மாள் முணுமுணுப்பாள்.

தொண்ணூற்றொன்பது ஆடியில் துரைராஜ் ஆள் அனுப்பினார். இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த சமயம். தசரதன் கம்பெனிக்காரர்கள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். "மொதல்ல பண்ணவ நீதானே, நீயே வந்து பாத்துக் குடும்மா" என்றார். ஷெட்டில் அதே பி.சி., அதே மேஜை. பெட்டிக்குக் கீழே காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று.

கம்பைல் செய்ய வேண்டி வந்தது. கையால் செய்கிற கட்டளைகளைத் தேடினாள், ஒன்றும் இல்லை. அங்கே இருந்த வேறொரு கட்டளையைத் தட்டினாள். திரையில் 'கிளி' என்று வந்தது.

துண்டு துண்டாக 'சும்மா இரு', 'சும்மா இரு' என்று ஓடியது. அழித்துவிட்டதாகச் சொன்ன கிளி ஆறு வருஷமாக இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. பெயரைக் கூட மாற்றவில்லை. முதல் வரியில் வழக்கம் போல உருவான நாள் இருந்தது: ஆகஸ்ட் ஏழு, தொண்ணூற்று மூன்று. அவள் கிளியைக் கடைசியாகத் தொட்டது ஆனியில். ஆகஸ்ட் ஏழு அந்தச் சனிக்கிழமை. அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாள். மீட்டிங்குக்கு இரண்டு நாள் முந்தி.

என்ன மாறியிருக்கிறது என்று முதலில் பிடிபடவில்லை. வேலையைத் தொடர்ந்தாள். கடிகாரத்தை இரண்டாயிரத்துக்குத் தள்ளி ஒரு தடவை எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். நன்றாக ஓடியது. பழையபடி இன்றைய தேதிக்குத் திருப்பி, மறுபடி கிளியைத் தட்டினாள். அது பாதியில் நின்றது. அவள் எழுதாத ஒரு வரி, ஆங்கில எழுத்தில், திரையில் வந்தது: 'கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி செய்யட்டுமா?'

இந்த வரியை எழுத வேண்டுமென்றால் அரைகுறையாகப் புரிந்தால் போதாது. கிளி எங்கே ஏமாந்தது, ஏன் ஏமாந்தது, எப்படித் தடுப்பது என்று அடிமுதல் நுனிவரை தெரிந்திருக்க வேண்டும். அதை அவள் அந்த வெள்ளிக்கிழமை படிக்கட்டில் நாகு ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை தெரிந்தவளுக்குத்தான் திங்கட்கிழமை புரியவில்லை.

துரைராஜ் மேஜையில் இருந்த போனை எடுத்துக் குரோம்பேட்டைக்குப் போட்டாள்.

"நாகு, கொடி பேசறேன்."

"சொல்லுடி. நாளைக்குத்தானே உங்க வீட்டுக் கூழ்? தூக்கு வருதா எனக்கு?"

"தொண்ணூத்தி மூணு ஆகஸ்ட் ஏழாந்தேதி, சனிக்கிழமை. நான் பல்லாவரத்துல இருந்தேன். நீ ஆபீஸ்ல கிளியைத் திறந்து என்ன பண்ணே?"



"கொடி, நான் சொல்லணும்னுதான் அதைப் பண்ணேன். மீட்டிங்ல காட்டலாம்னுதான் வெச்சிருந்தேன். அன்னிக்குக் காலையில சார் கூப்பிட்டு, தேதிப் பேச்சை எடுத்தா நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னார். எங்கப்பா அப்பத்தான்..."

"அதைச் சொல்லியிருந்தா நானே உன்னைப் பேசாதேன்னு சொல்லியிருப்பேனே. புரியலைன்னு ஏன்டி சொன்னே? எங்க வீட்டுக்கு வந்து, என் கையால காபி வாங்கிக் குடிச்சுட்டு, புரியலைன்னு ஏன்டி சொன்னே?"

நாகலக்ஷ்மி 'எங்கப்பா...' என்றே மறுபடி ஆரம்பித்தாள்.

"உனக்குப் புரியலைன்னு ஆறு வருஷமா எங்கம்மாகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்டி, பாவி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். துரைராஜ் வாசலில் நின்றிருந்தார். அவருக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. "புரோகிராம் வேலை செய்யுதாம்மா?" என்று கேட்டார். "செய்யுது சார். அது எப்பவும் நல்லாத்தான் செஞ்சுது" என்றாள்.

மறுநாள் கோயிலில் கூழ் ஊற்றி முடித்து வீட்டுக்கு வந்தார்கள். கிளியம்மாள் வழக்கமான தூக்கை எடுத்து, வழக்கமாக முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினாள். "அந்த மகராசிக்கு ஊத்தி வெச்சிட்டேன். போயி குடுத்துட்டு வா. நான் சொன்னா நீ எங்க கேக்கப் போற."

"வேணாம்மா" என்றாள் ஜெயக்கொடி.

"இன்னாடி?"

"நீ சொன்னதுதான் சரி. அவளுக்கு அப்பவே புரிஞ்சிருக்கு."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் கிளியம்மாள் ஆறு வருஷம் தொண்டை வற்றக் கத்தினாள். கேட்டதும் மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தூக்கிலிருந்த கூழைப் பானையிலேயே திருப்பி ஊற்றினாள்.